நிழற்படமும் வாய்மையும்

தமிழ் வளர்த்த நகரம் என்னும் பெருமையோடு, நீதியின் அருமையை உலகிற்கு உணர்த்திய நகரம் என்னும் பெருமையும் மதுரைக்கு உண்டு. அப்பெருமை எளிதில் வந்ததன்று. ஒரு சான்றை ஆராயாது நம்பியதனால் விளைந்த பெருந்துயரும், தவற்றை உணர்ந்த கணமே தன் உயிரைக் கொடுத்து முறையை நிலைநிறுத்திய அரசன் செயலும் அந்நகரின் பழங்கதையில் ஒருங்கே அமைந்துள்ளன. சிலப்பதிகாரம் கூறும் அக்கதையை அறியாத தமிழ்ச் சிறுவர் இலர்.

கோவலன் விற்கக் கொண்டுவந்தது கண்ணகியின் காற்சிலம்பு. அரண்மனையிலிருந்து களவு போனது கோப்பெருந்தேவியின் காற்சிலம்பு. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருந்தன. அவ்வொப்புமையைத் துணைக்கொண்டே பொற்கொல்லன் தன் பழியைக் கோவலன்மேல் சுமத்தினான். அரசனும் அகத்தை ஆராயாமல் ஆணையிட்டான். கண்ணகி வந்து வழக்குரைத்த பிறகுதான், சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் யாது என்னும் வினா எழுந்தது. தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. ஆனால், அதற்குள் குற்றமற்ற ஓர் உயிர் போய்விட்டது.

கண்ணுக்கு ஒத்துத் தோன்றுவது வேறு. உண்மையில் உள்ளது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவன் அரசனாயினும் பிழை செய்வான் என்பது இக்கதை தரும் படிப்பினை. இந்நாளில் மக்கள் மன்றத்தின் முன் நாள்தோறும் வைக்கப்படும் சான்று சிலம்பன்று, நிழற்படமே. போர், வெள்ளம், தேர்தல், திருவிழா, விபத்து ஆகிய அனைத்தையும் செய்தித்தாளில் வரும் படங்களைக் கொண்டே நாம் அறிகிறோம். அப்படங்கள் மெய்யானவைதாமா? அவற்றைத் திருத்தும் உரிமை எவர்க்கேனும் உண்டா? உண்டெனில், அவ்வுரிமைக்கு எல்லை யாது? இவ்வினாக்களை ஆராய்வது இக்காலத்து மாணவர்க்கு மிகவும் இன்றியமையாதது.

ஒளி எழுதும் சான்று

முற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியை நேரிற் காணாதவர்கள், கண்டவர் வாய்ச்சொல்லைக் கேட்டோ, ஓவியன் தீட்டிய சித்திரத்தைப் பார்த்தோ அதனை அறிந்தனர். ஓவியன் தன் கருத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வரைவான். தேரை இன்னும் உயரமாக்குவான். படையை இன்னும் பெரிதாக்குவான். அதனை யாரும் பொய் என்று இகழ்வதில்லை. ஓவியம் என்பது வரைந்தவன் உள்ளத்தில் தோன்றிய காட்சி என்பதை எல்லோரும் அறிவர்.

1839-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டவரான தாகேர் கண்டறிந்த நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் நிலைமை மாறியது. படத்தை எழுதும் கை மனிதனுடைய கையாக இல்லாமல், ஒளியின் கையாக ஆயிற்று. கருவியின் முன் எது நின்றதோ அதுவே தட்டில் பதிந்தது. மக்கள் நிழற்படத்தை ஓவியத்தினும் மேலாக நம்பத் தொடங்கியதற்கு இதுவே காரணமாகும்.

செய்தித்தாளில் வரும் படத்திற்கு இந்நம்பிக்கையே உயிர். மேலூர்ப் பக்கத்தில் நாற்று நடும் உழவர் ஒருவர், சென்னையில் பெருகிய வெள்ளத்தை நேரிற் காண இயலாது. அவருக்காகச் செய்திப் படக்கலைஞர் அங்குச் சென்று பார்க்கிறார். அவர் கண் உழவரின் கண்ணாகிறது. ‘நான் கண்டது இது, இதனையே நீங்களும் காண்கிறீர்கள்’ என்னும் உறுதிமொழி, ஒவ்வொரு செய்திப் படத்தின் அடியிலும் எழுதப்படாமலே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வுறுதிமொழியை மீறுவது, வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவன் தான் காணாததைக் கண்டதாகக் கூறுவதை ஒக்கும்.

வைகைக் கரையில் ஒரு படக்கருவி

படத்தைத் திருத்தும் வழக்கம் கணிப்பொறியோடு பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. மதுரையை முதன்முதலாக விரிவாகப் படம் பிடித்தவர்களுள் ஒருவரே அவ்வழக்கத்தைக் கையாண்டிருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். அவர் 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, வைகையாறு ஆகியவற்றை அவர் படம் பிடித்தார். இன்று விரலால் தொட்டவுடன் படம் பதிகிறது. அன்றோ, மெழுகூட்டிய தாளில் மருந்து பூசி, பெரிய கருவியுள் அதனை வைத்து, கதிரொளியில் காத்திருந்து, ஒவ்வொரு படத்தையும் அரிதின் முயன்று பெற வேண்டியிருந்தது.

அக்காலத்து மருந்திற்கு ஒரு குறை இருந்தது. அது நீல ஒளியை மிக விரைவாக ஏற்கும் தன்மையது. கல்லும் தூணும் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் வானம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்து, படத்தில் வெறும் வெண்மையாகிவிடும். அக்குறையைப் போக்க டிரைப் ஒரு வழி கண்டார். நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படங்கள் பலவற்றில் அவர் மெல்லிய வண்ணத்தைத் தீட்டினார். அதன் பயனாக வெற்று வானத்தில் முகில்கள் தோன்றின; மரங்களில் தழைகள் செறிந்தன. காண்பவர் கண்ணுக்கு அப்படங்கள் அழகாயின.

இது குற்றமா? இவ்வினாவிற்கு விரைந்து விடையிறுத்தல் கூடாது. டிரைப் எந்தத் தூணையும் புதிதாக வரையவில்லை. எந்தச் சுவரையும் அழிக்கவில்லை. அவர் வந்த காலத்தில் நாயக்கர் அரண்மனை பெரிதும் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அதனைப் பழுதுபார்க்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வரண்மனை இருந்த நிலையை நாம் அறிவதற்கு டிரைப் எடுத்த படங்கள் துணைசெய்கின்றன. சிதைந்த சுவர் அழகாயில்லை என்று கருதி, முகிலைத் தீட்டிய அதே கையால் சுவரையும் அவர் முழுமையாக்கியிருப்பாரேல், அப்படங்களை இன்று எவர் சான்றாகக் கொள்வர்?

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. 1858-ஆம் ஆண்டில் புதுமண்டபத்துத் தூண்கள் எவ்வாறு இருந்தன என்று அறிய விழைவோர்க்கு அப்படங்கள் சான்றாகும். ஆனால், படம் எடுத்த நாளில் மதுரை வானத்தில் முகில் இருந்ததா என்று அறிய விழைவோர்க்கு அவை சான்றாகமாட்டா. கை தொட்ட இடத்தில் படம் அழகு பெறலாம். ஆயினும் அவ்விடத்தில் அது சான்றாக நிற்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

டிரைப் செய்த மற்றொரு பணியையும் இங்கு நோக்குதல் தகும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகள் மிக நீண்டவை. ஒரே படத்தில் அடங்காதவை. ஆதலின் அவர் பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். இதுவும் படங்களை இணைத்ததே. எனினும் இதனை வஞ்சகம் என்பார் இலர். ஏனெனில், இணைத்தது வெளிப்படை. இணைத்த நோக்கம் கல்லில் உள்ளதை உள்ளவாறே காட்டுதல். எனவே, இணைத்தல் என்னும் செயலளவில் குற்றமில்லை. மறைத்தலிலும் மயக்குதலிலுமே குற்றம் உளது.

இருட்டறையும் கணிப்பொறியும்

டிரைப் காலத்திற்குப் பின் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகப் படங்கள் இருட்டறையில் உருப்பெற்றன. அங்கும் ஒரு பகுதியைச் சற்று வெளிறச் செய்வதும், மற்றொரு பகுதியைச் சற்றுக் கருமையாக்குவதும், ஓரங்களை வெட்டுவதும் வழக்கமாக இருந்தன. ஓர் உருவத்தையே நீக்கவோ புகுத்தவோ வேண்டுமெனில், தேர்ந்த கைத்திறனும் நெடும்பொழுதும் தேவைப்பட்டன. அவ்வாறு செய்தாலும் எதிர்ப்படத்தில் தழும்பு எஞ்சி நிற்கும்.

கணிப்பொறி வந்தபின் அத்தடைகள் நீங்கின. இன்றைய படம் தாளிலோ தகட்டிலோ பதிவதன்று. அது எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒளியும் எண்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. எண்ணை மாற்றினால் நிறம் மாறும். ஆயிரம் புள்ளிகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் ஒரு மனிதன் இடம் மாறுவான். வெறுங்கண்ணுக்குத் தழும்பு தெரியாது. முற்காலத்தில் வல்லவன் பல நாள் முயன்று செய்ததை, இன்று பள்ளிச் சிறுவனும் கைப்பேசியில் நொடிப்பொழுதில் செய்துவிடுகிறான்.

இம்மாற்றத்தின் தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி உலகோர் கவனத்தை ஈர்த்தது. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற இதழான நேஷனல் ஜியாகிரபிக், எகிப்து நாட்டுக் கீசாவிலுள்ள பிரமிடுகளின் படத்தை அட்டையில் வெளியிட்டது. எடுத்த படம் அகலவாக்கில் இருந்தது. அட்டையோ உயரவாக்கில் அமைந்தது. படம் அட்டையில் அடங்குவதற்காகக் கணிப்பொறியின் துணையால் பிரமிடுகள் ஒன்றையொன்று நெருங்குமாறு நகர்த்தப்பட்டன. நாலாயிரம் ஆண்டுகளாக அசையாது நின்ற கற்கோபுரங்கள் அச்சகத்தின் வசதிக்காக அசைந்தன! அதனால் யாருக்கும் உடலில் ஊறு நேரவில்லை. ஆயினும், இவ்விதழ் காட்டும் பிற படங்களையும் நம்பலாமோ என்னும் ஐயம் படிப்போர் உள்ளத்தில் புகுந்தது.

எல்லை எது?

இத்தகைய ஐயத்தை நீக்கும்பொருட்டே செய்தி நிறுவனங்கள் தமக்கென நெறிமுறைகளை வகுத்துக்கொண்டன. அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ் முதலிய உலகச் செய்தி நிறுவனங்களின் விதிகள் பெரும்பாலும் ஒத்தே உள்ளன. கருவியில் படிந்த தூசியால் விழுந்த புள்ளியை நீக்கலாம். ஒளியையும் நிறத்தையும் இயற்கைத் தோற்றத்திற்கு ஏற்ப அளவாகச் சரிசெய்யலாம். தேவையற்ற ஓரத்தை வெட்டலாம். ஆனால், இருந்ததை நீக்குதலும், இல்லாததைச் சேர்த்தலும், உள்ளதை இடம்பெயர்த்தலும், இரு படங்களை ஒன்றெனக் காட்டுதலும் கூடா. காண்பவரைத் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும் எத்திருத்தமும் ஆகாது என்பதே இவ்விதிகளின் சாரம்.

இவ்வெல்லையின் நுட்பத்தை 2010-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று விளக்கும். நெதர்லாந்து நாட்டில் நடத்தப்பெறும் உலகச் செய்திப் படப் போட்டியில், அவ்வாண்டு ஸ்டெபான் ரூடிக் என்பவரது படத்தொகுதி பரிசுக்குரியதாகத் தேர்வு பெற்றது. அதிலுள்ள ஒரு படத்தில், சண்டைக்கு ஆயத்தமாகும் ஒருவரது கையில் துணி சுற்றப்படுகிறது. பின்புறத்தில் வேறொருவரது காலின் சிறுபகுதி தெரிந்தது. அச்சிறுபகுதியை அவர் அழித்துவிட்டார். நடுவர்கள் மூலப்படத்தை வரவழைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது, பரிசு பறிக்கப்பட்டது. அவர் படத்தைப் பெருமளவு வெட்டியிருந்தார். நிறப்படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். அவற்றை நடுவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. உள்ளது ஒன்றை இல்லாதது ஆக்கியதையே குற்றமாகக் கொண்டனர். குற்றத்தின் அளவு கடுகளவாயினும் குற்றத்தின் தன்மை ஒன்றே அன்றோ?

ஒளியைச் சரிசெய்வதும் அளவோடு அமைதல் வேண்டும். 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சன் என்னும் கருப்பின விளையாட்டு வீரரின் படத்தை அமெரிக்காவின் டைம் வார இதழ் அட்டையில் வெளியிட்டது. அப்படம் காவல் துறையினர் எடுத்தது. டைம் இதழ் அம்முகத்தை மேலும் கருமையாக்கி வெளியிட்டது. அதே வாரத்தில் நியூஸ்வீக் என்னும் இதழ் அதே படத்தை மாற்றாமல் வெளியிட்டது. இரண்டு இதழ்களும் கடைகளில் அருகருகே தொங்கின. கண்டவர் திடுக்கிட்டனர். எவ்வுருவமும் நீக்கப்படவில்லை, எவ்வுருவமும் சேர்க்கப்படவில்லை. ஆயினும், வழக்கு மன்றம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு மனிதனைக் கொடியவனாகக் காட்டுவதற்கு இருள் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒரு புள்ளியைக்கூட மாற்றாமலே பொய் சொல்லவும் படத்தால் இயலும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்கள் பல உள. கோடையில் ஒரு கண்மாய் வறண்டு, அதன் மடையருகே மட்டும் சிறு குட்டையளவு நீர் தேங்கி நிற்கிறது என்று கொள்வோம். படக்கலைஞர் ஒருவர் அக்குட்டையை மட்டும் படம் பிடித்து, ‘கண்மாயில் நீர்’ என்று எழுதி வெளியிட்டால், அது உண்மையாகுமா? நீரும் மெய், படமும் மெய், ஆனால் படிப்பவர் பெறும் செய்தி பொய். பயிர் கருகும் ஊரில் நீர் நிறைந்துள்ளது என்று உலகம் எண்ணிவிடும். எனவே, விதிகளைக் காப்பது மட்டும் போதாது. விதிகளின் உட்கருத்தையும் காத்தல் வேண்டும்.

ஒட்டிய படமும் அறுந்த நம்பிக்கையும்

2003-ஆம் ஆண்டில் ஈராக்கு நாட்டில் போர் மூண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழின் படக்கலைஞரான பிரையன் வால்ஸ்கி, பாஸ்ரா நகருக்கு அருகே நின்று படம் எடுத்தார். பிரிட்டானியப் போர்வீரர் ஒருவர் பொதுமக்களைப் பார்த்துக் கையசைத்து எச்சரிக்கும் காட்சி ஒரு படத்தில் நன்கு அமைந்தது. குழந்தையைச் சுமந்து நிற்கும் தந்தையின் தோற்றம் சற்றுப் பின்னர் எடுத்த மற்றொரு படத்தில் நன்கு அமைந்தது. இரண்டும் ஒரே படத்தில் அமையவில்லையே என்று கருதிய அவர், கணிப்பொறியில் இரண்டையும் ஒன்றாக்கி அனுப்பினார். படம் நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது.

அப்படத்தை எடுத்தாண்ட மற்றொரு நாளிதழின் அலுவலகத்தில் ஒருவர் அதனைக் கூர்ந்து நோக்கினார். பின்னே அமர்ந்திருந்த மக்களுள் சிலர் இருமுறை தோன்றுவதை அவர் கண்டார். விசாரணை நடந்தது, வால்ஸ்கி செய்ததை ஒப்புக்கொண்டார், பணியிலிருந்து நீக்கப்பட்டார். போர்முனையின் இடர்களுக்கு அஞ்சாமல் உழைத்த ஒருவர், படத்தின் அழகுக்காகத் தம் நற்பெயரை இழந்தார். அவர் எடுத்த இரண்டு படங்களும் தனித்தனியே மெய். அவற்றை ஒட்டியதால் பிறந்த மூன்றாவது படம், எக்காலத்தும் நிகழாத ஒரு காட்சி.

இத்தகைய பிழை நம் நாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையால் சென்னை மாநகர் வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றின் கரைகளில் வாழ்ந்தோர் வீடிழந்தனர், பலர் உயிரிழந்தனர். டிசம்பர் 3-ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோதி வானூர்தியில் பறந்து வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அப்பயணத்தின் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில், பிரதமர் சாளரத்தின் வழியே நோக்குகிறார். சாளரத்திற்கு அப்பால் நீர் சூழ்ந்த கட்டடங்கள் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. அதே காட்சியின் மற்றொரு படத்திலோ, வெளியே உள்ள வெள்ளம் மங்கலாகவே தெரிந்தது. இரண்டையும் ஒப்பிட்ட மக்கள், தெளிவான காட்சி சாளரத்தில் ஒட்டப்பட்டது என்பதைச் சில மணி நேரத்திற்குள் கண்டுகொண்டனர். அலுவலகம் அப்படத்தை நீக்கியது. இரு படங்களை இணைத்ததை அது ஒப்புக்கொண்டு, அதற்கு வருத்தமும் தெரிவித்தது.

இங்கு நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரதமர் வந்தது மெய். வெள்ளம் சூழ்ந்திருந்தது மெய். அவர் அதனைப் பார்த்ததும் மெய். மெய்யை விளக்கமாகக் காட்டவேண்டும் என்பதே ஒட்டியவர் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆயினும் விளைந்தது யாது? வெள்ளத்தின் கொடுமையைப் பற்றி எழுந்திருக்க வேண்டிய பேச்சு, படத்தின் பொய்மையைப் பற்றிய பேச்சாக மாறியது. துயருற்ற மக்கள்மேல் விழுந்திருக்க வேண்டிய பார்வை, ஒட்டுப்போட்ட சாளரத்தின்மேல் விழுந்தது. மங்கலான படமே வெளிவந்திருப்பின் ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார். மெய்க்குப் பொய்யை அணிகலனாகப் பூட்டினால், மெய்யும் தன் மதிப்பை இழந்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சிரிக்காதவரைச் சிரிக்க வைத்தல்

அழகுக்காகவும் விளக்கத்திற்காகவும் செய்யும் திருத்தமே இத்துணைக் கேடு பயக்குமெனில், பிறரைப் பழித்தற்காகச் செய்யும் திருத்தத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 2023-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், புதுதில்லியில் நீதி வேண்டிக் கிளர்ச்சி செய்த மல்யுத்த வீராங்கனைகள் காவலரால் பிடித்துச் செல்லப்பட்டனர். வண்டியினுள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் ஆகியோர் இருந்த படமொன்று வெளிவந்தது. மூலப்படத்தில் அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. எவரோ செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு அம்முகங்களில் சிரிப்பைப் பொருத்திப் பரப்பினர். அதனைக் கண்டோர் பலர், ‘இவர்கள் துயரம் வெறும் நடிப்பு’ என்று இகழ்ந்தனர். பின்னர் மூலப்படம் வெளிவந்து உண்மையை உணர்த்தியது. ஆனால், பொய் ஓடிய ஊர்கள் அனைத்திற்கும் மெய் ஓடிச் சேர்ந்ததா என்பது ஐயமே.

இங்கு மாற்றப்பட்டவை இதழ்களின் வளைவு மட்டுமே. ஆயினும், அச்சிறு மாற்றம் ஒருவரது துயரத்தையே களவாடிவிட்டது. பொற்கொல்லன் சிலம்பின் ஒப்புமையைக் காட்டிக் கோவலனைக் கள்வனாக்கினான். இக்காலத்துப் பொற்கொல்லர் முகத்தின் ஒப்புமையைக் காட்டித் துயருற்றோரைப் பொய்யராக்குகின்றனர்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பொய்ப்படங்கள் பெருகப் பெருக, மெய்ப்படங்களையும் மக்கள் நம்பமாட்டார்கள். தீமை செய்தவன் தன் தீமையைக் காட்டும் படத்தைக் கண்டு, ‘இதுவும் ஒட்டிய படமே’ என்று கூறித் தப்பிக்கப் பார்ப்பான். ஆற்று மணல் அள்ளப்படுவதையும், கண்மாய்க் கரை உடைக்கப்படுவதையும், எளியவர் தாக்கப்படுவதையும் காட்டுவதற்குச் சில வேளைகளில் ஒரு படத்தைத் தவிர வேறு சாட்சி இராது. அச்சாட்சியின் வாய் அடைபடுமாயின், முதலில் துன்புறுபவர் வலியற்றவரே ஆவர்.

நன்மைக்காகத் திருத்தலாமா?

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோது, எவர்க்கும் தீங்கு தராத சொல்லையே வாய்மை என்றார். மாசற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்றார். அவ்வாறாயின், நல்ல நோக்கத்தோடு செய்யும் படத்திருத்தம் ஏற்கத்தக்கது அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராய்வோம். சித்திரைத் திங்களில் கள்ளழகர் வைகையாற்றில் எழுந்தருளும் விழா மதுரைக்குத் தனிச்சிறப்புத் தருவது. அவ்வேளையில் ஆறு வறண்டிருக்குமாயின், 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையிலிருந்து விழாவிற்கென நீர் விடுவது உண்டு. ஓராண்டில் நீர் குறைவாக வந்து, மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன என்று வைத்துக்கொள்வோம். படக்கலைஞர் ஒருவர், ‘இறைவன் எழுந்தருளும் ஆறு நிறைந்து தோன்றினால் அடியவர் மனம் மகிழுமே’ என்று கருதி, கணிப்பொறியில் கரை முதல் கரை வரை நீரைப் பரப்பிவிடுகிறார். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் அப்படத்தைக் காணும் வெளியூரார், வைகையில் நீர்வளம் குறைவில்லை என்று எண்ணுவர். ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழும் உழவர் தம் குறையைச் சொன்னால், அப்படமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். பத்தாண்டு கழித்து ஆற்றின் வரலாற்றை எழுதுவோரும் ஏமாறுவர்.

வள்ளுவர் வேண்டியது மாசற்ற நன்மை. செய்திப் படத்தில் புகுந்த பொய் எத்துணை இனியதாயினும், அது ஒருவரை மகிழ்வித்து மற்றொருவரை வஞ்சிக்கிறது. நம்பிப் பார்த்த அனைவரது நம்பிக்கையையும் அரிக்கிறது. ஆதலின் அது மாசற்ற நன்மை ஆகாது. அழகிய கற்பனை வேண்டுவோர் ஓவியம் தீட்டலாம். ‘இது கற்பனை’ என்று அறிவித்துக் கணிப்பொறியிலும் படைக்கலாம். அக்கலைக்குத் தடையொன்றும் இல்லை. சான்றின் ஆடையை உடுத்துக்கொண்டு கற்பனை நடமாடுவதே தகாது.

பரலைப் பார்த்தல்

பொய்ப்படத்தை எவ்வாறு கண்டறிவது? கண்ணகி காட்டிய வழியே இன்றும் வழியாகும். அவ்வழியாவது, புறத்தை விட்டு அகத்தை ஆராய்தல். செய்தி நிறுவனங்களும் போட்டி நடத்துவோரும், கருவியில் முதன்முதலாகப் பதிந்த மூலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றனர். மூலப்படமே சிலம்பின் உள்ளிருக்கும் பரல். அதனைக் காட்டத் தயங்குபவர்மேல் ஐயம் கொள்ளுதல் இயல்பு. படம் எடுத்த நாள், இடம், எடுத்தவர், அதே நேரத்தில் பிறர் எடுத்த படங்கள் ஆகியவற்றையும் அவர்கள் ஒப்பிட்டு நோக்குகின்றனர். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிரிட்டானிய அரச குடும்பத்தார் வெளியிட்ட ஒரு குடும்பப் படத்தில் குழந்தையின் சட்டைக் கை பொருந்தாமல் இருப்பதைக் கண்ட உலகச் செய்தி நிறுவனங்கள் அப்படத்தைத் திரும்பப் பெற்றன. தந்தவர் அரசரே ஆயினும், சான்றை ஆராயாது ஏற்கலாகாது என்பதை அந்நிறுவனங்கள் அன்று நினைவிற் கொண்டன.

தவறு நேர்ந்துவிட்டால் அதனை மறைத்தல் மற்றொரு தவறாகும். வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மூலப்படத்தை வெளியிட்டுத் திருத்துவதே சான்றோர் செயல். பிழை செய்த பாண்டியன் சாக்குப் போக்குச் சொல்லவில்லை. தன் பிழையைத் தானே தீர்ப்பிட்டான். அதனாலன்றோ அவன் பெயர் இன்றும் இகழப்படாமல் நிற்கிறது.

இக்கடமை செய்தித்தாள்காரர்க்கு மட்டும் உரியதன்று. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று படக்கலைஞர். ஒவ்வொருவரும் செய்தி பரப்புவோர். தெருவில் நடந்த ஒரு விபத்தைப் படம் எடுத்து அனுப்பும் மாணவன், தான் ஒரு சாட்சி என்பதை மறத்தல் ஆகாது. தனக்கு வந்த படம் ஒன்று சினத்தையோ வெறுப்பையோ மூட்டுமாயின், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன், ‘இதை எடுத்தவர் யார்? எப்போது எடுத்தார்? எங்கே எடுத்தார்?’ என்று வினவுதல் வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் வழங்கிய பழமொழி, கணிப்பொறிக் காலத்திற்கென்றே பிறந்ததுபோல் விளங்குகிறது.

டிரைப் படம் பிடித்த நாயக்கர் அரண்மனைத் தூண்கள் இன்றும் மதுரையில் ஓங்கி நிற்கின்றன. வைகையில் அவர் கண்ட ஆற்றுப்பாதை காலப்போக்கில் மாறிவிட்டது. அவர் தீட்டிய முகில்களோ எந்நாளும் வானில் இருந்தவை அல்ல. மாறிப்போனவற்றை நமக்குக் காட்டி நிற்கும் ஆற்றல் கை தொடாத பகுதிக்கே உண்டு. இன்று நாம் எடுக்கும் படங்களைப் பார்த்தே நாளை வருவோர் நம் காலத்தை அறிவர். அவர்கள் நம் சிலம்பை உடைத்துப் பார்க்கும் நாளில், வெளியே மின்னியது எதுவோ அதுவே உள்ளேயும் இருத்தல் வேண்டும்.